மஸ்கட்டில் பன்னிரண்டு ஆண்டு செவிலியர் பணி. இனி ஊர் திரும்பினால் எதை இழப்பேன், எது கிடைக்கும்?

கேள்வி: மார்த்தாண்டத்துச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமம் என் ஊர். 2013ஆம் ஆண்டு, பத்து மாதக் கைக்குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மஸ்கட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். மகளுக்கு மூன்று வயதானபோது அவளையும் கணவரையும் இங்கே அழைத்துக்கொண்டோம். அம்மா தனியாக ஊரில் இருக்கிறார். ஒரு வீடு, அரை ஏக்கர் ரப்பர் தோட்டம், ஒரு கிணறு, அவ்வளவுதான் எங்கள் சொத்து.

கடந்த ஆடி மாதச் சாரலில் கிணற்றங்கரையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்தார். ஊரில் காலை ஆறு மணி, இங்கே நாலரை. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவில் ஏற்றிக் குழித்துறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் எனக்கு வீடியோவில் அழைத்தார். கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்பதை மருத்துவர் வருவதற்கு முன்பே அந்தச் சின்னத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் நான் பணியாற்றுவதே எலும்பு முறிவுப் பிரிவில்தான். அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. ஏழு மணி டியூட்டிக்குப் போனேன். அதே அறுவை சிகிச்சை முடிந்திருந்த ஓர் ஓமானிய மூதாட்டியை, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, வலிக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் செய்தேன். அவர் என் கன்னத்தைத் தொட்டு எனக்காக அல்லாஹ்விடம் வேண்டிக்கொண்டார். என் அம்மாவுக்கு இதைச் செய்துகொண்டிருப்பவர் யார் என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

திரும்பிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது. இங்கே எனக்கு மாதம் 350 ரியால் சம்பளம். ஒரு ரியால் 200 ரூபாய்க்கு மேல் போகிறது. ஊரில் அதில் கால் பங்கு கிடைக்குமா என்பதே சந்தேகம் என்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. எங்கள் மருத்துவமனையில் ஓமானியப் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்து, வெளிநாட்டவரின் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறார்கள். அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தன் நாட்டில் தனக்கு வேலை வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்பது நியாயம். எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் விசா முடிந்தால் கிளம்ப வேண்டியவள் நான் என்பதை மட்டும் அது எனக்குத் தெளிவாக்கிவிட்டது.

சொந்த நாட்டில் இருப்பதில் உண்மையில் என்ன நன்மை, என்ன தீமை என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

பதில் 1: தக்கலை

தங்கைக்கு வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகள் சவூதியில் செவிலியராக இருந்துவிட்டு 2018இல் திரும்பியவள். நீங்கள் கேட்டபடி நடந்ததையே சொல்கிறேன், முதலில் கசப்பானதை.

திரும்பி வந்து நான் சேர்ந்த தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கிருந்த ஒன்பது ஆண்டு அனுபவத்தைக் காட்டியும், தொடக்கச் சம்பளம் என்று 14,000 ரூபாய் கொடுத்தார்கள். வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார்கள். அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவற்றைத் திரும்பப் பெற நான் நான்கு மாதம் நடந்தேன். சட்டப்படி நமக்கு எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட ஒரு செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் தொடர்ந்து போராடினார்கள், 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அங்கே அரசாணை வந்தது. நம் வீட்டிலிருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை சோதனைச் சாவடி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் ஒரு சம்பளம், இந்தப் பக்கம் ஒரு சம்பளம். நம் பெண்கள் பலர் விடியற்காலைப் பேருந்தில் திருவனந்தபுரம் போய் வருவது இதற்காகத்தான்.

அரசு வேலை என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியமாகக் கொடுத்தது 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இரவிலும் கலையாமல் உட்கார்ந்திருந்தார்களே, என் தங்கையும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பிறகு ஊதியம் படிப்படியாக 18,000 வரை உயர்ந்தது. நிரந்தரம் என்பது பலருக்கு இன்னும் காத்திருப்பாகவே இருக்கிறது. என் நாட்டில் என் தொழிலுக்கு உள்ள மதிப்பு இதுதான் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆனாலும் நான் திரும்பிப் போகவில்லை. அதற்கான காரணத்தை ஒரு சின்ன விஷயத்தில் சொல்கிறேன். சவூதியில் ஒன்பது ஆண்டும் முப்பது நாற்பது அரபுச் சொற்களை வைத்துக்கொண்டே வேலையை ஓட்டினேன். ‘வஜா’ என்றால் வலி, ‘வேன்’ என்றால் எங்கே. நோயாளி கையை வைத்துக் காட்டுவார், நான் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். இங்கே திரும்பிய முதல் வாரத்தில், இரவு டியூட்டியில் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, “மக்களே, வலி ஒண்ணும் இல்ல, நெஞ்சுக்குள்ள என்னமோ கடுக்குது, தலை கிறங்குது” என்றார். வலி வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு. வலி இல்லை என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்கு என்ன இருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. உடனே இ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பின் தொடக்கம் அதில் தெரிந்தது. அந்தப் பாட்டி நடந்து வீட்டுக்குப் போனார். நான் அதே பெண், அதே படிப்பு, அதே கைதான். ஆனால் என் மொழி பேசும் வார்டில் நின்றபோதுதான் நான் முழுச் செவிலியாக இருந்தேன்.

என் அப்பா 2021இல் இறந்தபோது அவர் தலை என் மடியில் இருந்தது. அதை எந்தச் சம்பளத்தோடு வைத்துக் கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 2: கணக்கர், கோவை

சகோதரிக்கு வணக்கம். உணர்வு சார்ந்ததை மற்றவர்கள் சொல்வார்கள். நான் செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் திரும்பினால் உங்கள் என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்துடன் முடிந்துவிடும். வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் முதிர்வு வரை அப்படியே விடலாம். திரும்பும் ஆண்டுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு நீங்கள் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசித்தவராக இருந்திருந்தால், முதல் ஓரிரு ஆண்டுகளுக்குச் ‘சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர்’ என்ற நிலை கிடைக்கும், அந்தக் காலத்தில் உங்கள் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை.

அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அது மிக முக்கியம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவு காலாவதியாகியிருந்தால் வருவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றி ஒன்று. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பிறகு அரசுப் பணித் தேர்வுகளிலும் தமிழ்த் தகுதித்தாள் இருக்கிறது. எழுதப் பழக இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரம் இல்லை.

பதில் 3: விழுப்புரத்துப் பெண், இங்கிலாந்திலிருந்து

தக்கலை அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கினேன். இருந்தாலும் சொந்த நாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி சொந்தமாக இருப்பதில்லை என்பதை இங்கே யாராவது சொல்லியாக வேண்டும்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனித் தெருவில் பிறந்தவள். செவிலியர் படிப்பை முடித்து ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் முதல் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள், அறுவை சிகிச்சை முடிந்த அம்மையார் ஒருவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுக்கப் போனபோது, அவருடைய மகன் மிகவும் பணிவாக, “நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்டார். சொன்னேன். “ஊருல எந்தப் பக்கம்?” என்றார். அதையும் சொன்னேன். அன்று மாலையே அந்த அறை வேறொரு பெண்ணுக்கு மாற்றப்பட்டது. பொறுப்புச் செவிலியர் என் முகத்தைப் பார்க்காமல், “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்றார். அந்த அம்மையாருக்கு எத்தனை மில்லி சிறுநீர் இறங்கியிருக்கிறது என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. நான் கொடுத்த தண்ணீரை மட்டும் அவர்களால் வாங்க முடியவில்லை. நானும் அவர்களும் பேசியது ஒரே மொழிதான்.

இங்கிலாந்துக்கு வந்து ஏழு ஆண்டாகிறது. ஆங்கிலத் தேர்வும் இங்குள்ள செய்முறைத் தேர்வும் எழுதித் தேறித்தான் பதிவு வாங்கினேன். இங்கே நிறத்தைப் பார்த்து முகம் திருப்பிய நோயாளியும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அன்று வார்டு மேலாளர் என்னை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லவில்லை. அந்த நோயாளியிடம் போய், உங்களைப் பார்த்துக்கொள்ளப்போவது இவர்தான் என்று என் முன்னாலேயே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை என் நாட்டில் யாராவது எனக்காகச் சொல்லியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இழப்புகளையும் சொல்கிறேன். அம்மாவை இங்கே நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. பெற்றோரை அப்படி அழைத்துக்கொள்வதற்கான விசா விதியை 2012இல் மிகவும் குறுக்கிவிட்டார்கள். சுற்றுலா விசாவில் ஒருமுறை வந்தார், ஐந்து மாதம் இருந்தார். பேச ஆளில்லாமல் ஜன்னல் ஓரத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டேன், குடியுரிமைக்கு மட்டும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்த நாட்டுக் கடவுச்சீட்டை வாங்கிய நாளில் என் வாக்குரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை கொடுப்பார்கள், அதைக் கொண்டு வந்து போகலாம், ஆனால் வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. என் தாத்தா கூலிக்கு நடவு நட்ட வயலில் ஒரு துண்டை என் பெயரில் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே வாக்கு எண்ணிக்கையைக் காட்டிக் கேட்டதால்தான். அதனால் அந்த உரிமையை விட மனம் வரவில்லை.

உங்களைத் திரும்பாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அக்கா. நீங்கள் அம்மாவிடம் போகிறீர்கள், அது வேறு. ஊர் அன்போடு அழைக்கும் என்ற நம்பிக்கையோடு போகிறவர்கள், தங்களை அழைப்பது போல மற்றவர்களையும் அந்த ஊர் அழைக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

பதில் 4: தக்கலை

விழுப்புரத்துத் தங்கைக்கு: உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். எங்கள் வார்டிலும் இப்படி ஒரு முறை டியூட்டியை மாற்றினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன் என்பது காரணமாகாது. இப்போது நான் பொறுப்புச் செவிலியர். இனி என் வார்டில் அது நடக்காது.

பதில் 5: வடக்குத் தாதி, இலங்கை

அக்காவுக்கு வணக்கம். நான் இலங்கையின் வடக்கில் ஓர் அரச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராகக் கடமை புரிகிறேன். எங்கள் கதை சற்று வேறு. நான் நாட்டை விட்டுப் போகாமல் இருந்தவன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, வைத்தியசாலையில் மருந்து இல்லை. நான் தினமும் 15 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டியில் கடமைக்குப் போய் வந்தேன். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியவற்றை எண்ணி எண்ணி எடுத்தோம். ஒரு தகப்பனாரிடம், இந்த மருந்தை வெளியில் வாங்கி வர முடியுமா என்று கேட்க நேர்ந்தபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த மோதிரத்தைத் தடவினார். இலவச வைத்தியம் எங்கள் நாட்டின் பெருமை என்று சொல்லி வளர்ந்தவன் நான். அன்று அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த ஜூன் மாதத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் வேலை செய்யலாம், ஓய்வூதியத்துக்கும் சேவை மூப்புக்கும் பாதிப்பு இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. என்னுடன் ஒரே பிரிவில் இருந்த இருவர் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் அனுப்பிய டொலரும் இந்த நாட்டைத் தாங்கியது. ஆனால் அவர்களுடைய இரவுக் கடமைகளை நாங்கள் பங்கிட்டுச் செய்தோம் என்பதும் உண்மை. இருப்பவர்கள் குறையக் குறைய, இருப்பவர்களின் சுமை கூடுகிறது. சொந்த நாட்டில் தங்குவதன் கூலி பல சமயங்களில் இதுதான்.

சொந்த நாடு என்று நான் எழுதினாலும், அந்தச் சொல் என் வாயில் எப்போதும் இலகுவாக வருவதில்லை. எங்கள் அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். இருந்தும் சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி நான் போவது இன்றும் நடக்கிறது. ஆனால் போரின் கடைசி மாதங்களில் காயப்பட்டவர்களை, கூரை இல்லாத இடத்தில் வைத்து மருந்து கட்டியவர்களிடம் வேலை பழகியவன் நான். அவர்களும் போயிருக்கலாம். போகவில்லை. அதனால் என்னாலும் இயலவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி, அக்கா. அம்மாவுக்காகத் திரும்புகிறீர்கள். அம்மாவின் காலத்துக்குப் பிறகும் அங்கே இருக்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லாவிட்டால் நீண்ட விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மார்த்தாண்டத்துச் செவிலி

அனைவருக்கும் நன்றி. வடக்கிலிருந்து தம்பி கேட்ட கேள்வியோடு மூன்று நாட்களாக இருக்கிறேன். கணவரிடமும் பேசினேன். மார்ச் மாதம் மகளின் தேர்வு முடிந்ததும் நானும் அவளும் மட்டும் முதலில் போகிறோம். சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் இங்கேயே இருப்பார். அந்த மூன்று மாதத்தில் தக்கலை அக்காவின் மருத்துவமனையில் ஒரு மாதமாவது வேலை செய்து பார்க்க முடியுமா என்று அக்காவிடம் தனியாகக் கேட்கிறேன். எந்தச் சம்பளமானாலும் சரி, அந்த வார்டில் நின்று பார்க்க வேண்டும். விழுப்புரத்துத் தங்கை எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் யார் யார் தண்ணீர் எடுக்க வருவார்கள், யார் வாசலில் நின்று கேட்பார்கள் என்று நான் சிறு வயதில் பார்த்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. இதுவரை அதை நான் யோசித்ததே இல்லை.

இயன்முறை சிகிச்சையாளர் நேற்று அம்மாவைப் பார்க்க வந்தாராம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடந்தார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் படம் அனுப்பியிருக்கிறார். மகள் பாட்டிக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று இரவு உட்கார்ந்தாள். நான்கு வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ‘கிணற்றுப் பக்கம் போகாதீர்கள்’ என்பதில் வல்லின ‘ற’ வருமா இடையின ‘ர’ வருமா என்று கேட்டு, எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். இன்று காலை டியூட்டிக்குப் போகும் வழியில் அதைத் தபாலில் சேர்த்தேன்.